எக்ஸ்மூர்ல நாலு நாள், வயசான அப்பா அம்மாவோட

கேள்வி சுருக்கமா இதுதான். ரெடிங்ல இருந்து கார்ல கிளம்பி ஆகஸ்ட் கடைசி வாரம் நாலு ராத்திரி எக்ஸ்மூர் நேஷனல் பார்க்ல தங்கலாம்னு பிளான், ஊர்ல இருந்து வந்திருக்கிற அப்பா அம்மாவும் கூட வர்றாங்க, அம்மாவுக்கு முட்டி வலி, பையனுக்கு எட்டு வயசு, எல்லாரும் சைவம். எங்க தங்குறது, எதைப் பாக்குறது, ஒரு நாளைக்கு எத்தனை இடம் முடியும்?

நான் பிரிஸ்டல்ல இருக்கேன், எக்ஸ்மூருக்கு பத்து பன்னெண்டு தடவையாவது போயிருப்பேன், மழையில, வெயில்ல, பிப்ரவரி குளிர்ல, ஒரு தடவை என் மாமியாரையும் கூட்டிட்டு, அதனால உங்க நிலைமை நல்லா புரியுது. கடைசி கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். ஒரு நாளைக்கு ரெண்டு இடம், அவ்வளவுதான். காலையில ஒன்னு, மத்தியானத்துக்கு மேல ஒன்னு. மேப்ல பாத்தா பத்து மைல், இருபது நிமிஷம்னு தோணும், ஆனா ரெண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு வேலி, எதிர்ல டிராக்டர் வந்தா நீங்கதான் பின்னாடி எடுக்கணும், நடுவுல ஆட்டுக்கூட்டம் படுத்திருக்கும். அஞ்சு இடம் லிஸ்ட் போட்டீங்கன்னா அப்பா அம்மா நாள் முழுக்க கார் சீட்லதான் உக்காந்திருப்பாங்க.

இன்னொன்னும் அப்பா கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. நேஷனல் பார்க்னு கேட்டதும் நம்ம ஆளுங்களுக்கு முதுமலை ஞாபகம் வரும், கேட்டு, டிக்கெட், ஜீப்பு, காட்டிலாகா. இங்க அப்படி எதுவுமே கிடையாது. 1949ல போட்ட சட்டத்துப்படி 1954ல எக்ஸ்மூரை நேஷனல் பார்க்னு அறிவிச்சாங்க, ஆனா நிலம் பெரும்பாலும் விவசாயிங்க, எஸ்டேட்டுங்க, நேஷனல் டிரஸ்ட்னு ஒரு பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு, இவங்க கையிலதான் இருக்கு. சுமார் 690 சதுர கிலோமீட்டர், முக்கால்வாசி சாமர்செட் மாவட்டத்துல, மிச்சம் டெவன்ல. உள்ள பத்தாயிரம் பேர் வாழுறாங்க, ஆடு மாடு மேய்க்கிறாங்க, பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போகுது. அதனால வழியில ஒரு கேட்டைத் திறந்தா தாண்டினதும் மூடிடணும், திறந்தே கிடந்தா அப்படியே விட்டுடணும். பையனுக்கு அந்த வேலையைக் குடுத்துடுங்க, சந்தோஷமா செய்வான்.

இந்த இடத்தை எப்படிப் புரிஞ்சுக்கணும்னா, மேல மூர், கீழ கடல், நடுவுல ரொம்பக் கொஞ்ச தூரம். மூர்னா மரமே இல்லாத மேட்டு நிலம், புல்லும் ஹெதர் செடியும்தான், அடியில தண்ணி ஊறின கருப்பு மண்ணு, பீட்னு சொல்லுவாங்க. செயின்ஸ்னு ஒரு மேடு இருக்கு, ஒரு பாறை கூட கண்ணுல படாது, வெறும் சதுப்பு, பாக்க ஒன்னுமே இல்லாத மாதிரி இருக்கும், ஆனா பல ஆறுகளுக்கு அதுதான் தாய்வீடு. எக்ஸ் ஆறு அங்க பொறக்குது, வடக்கே கடல் அங்கிருந்து எட்டு கிலோமீட்டர்தான், ஆனா அது அந்தப் பக்கம் திரும்பாம தெற்கால போய் டெவன் வழியா எக்ஸ்மவுத்ல இங்கிலிஷ் கால்வாய்ல சேருது, கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் ஓட்டம். அதே மேட்டுல பக்கத்துலயே விழுற மழைத்துளி வடக்குப் பக்கம் சரிஞ்சா லின் ஆறா மாறி கொஞ்ச நேரத்துல கடல்ல விழுந்துடும். 450 மீட்டருக்கு மேல இருந்து அவ்வளவு குட்டி தூரத்துல இறங்கணும்னா தண்ணி எவ்வளவு வேகமா வரும்னு யோசிங்க. ஆழமான பள்ளத்தாக்கு, ஓக் மரக்காடு, பாறையில மோதி வெள்ளையா ஓடுற ஓடைங்க, எல்லாம் அந்தத் தண்ணி செஞ்ச வேலைதான். என்னைக் கேட்டா, மூர்ல இருந்து கடலுக்கு இறங்குற அந்த இறக்கத்தைத்தான் பாக்கப் போறோம், மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்.

தங்குற இடம். நான் மட்டும் போனா லின்டன்ங்கிற மலை ஊருக்குத்தான் போவேன், ஆனா அம்மா முட்டியை நினைச்சா உங்களுக்கு போர்லாக் கிராமம்தான் சரி. லின்டன்ல எந்தத் தெருவுல இறங்கினாலும் மேடு இல்லனா பள்ளம். போர்லாக் ஒரு சமவெளியில இருக்கு, சாயங்காலம் அப்பா அம்மா கடைத்தெரு வரைக்கும் தாங்களாவே நடந்துட்டு வரலாம், மைன்ஹெட் டவுன் பதினஞ்சு நிமிஷத்துல, அங்க பெரிய சூப்பர்மார்க்கெட்டுங்க இருக்கு. நீங்க எம்5ல வந்து பிரிட்ஜ்வாட்டர் பக்கம் இறங்கி ஏ39ஐப் பிடிச்சா நேரா போர்லாக் வந்துடும். ஹோட்டல் வேணாம், கிச்சனோட ஒரு காட்டேஜ் எடுங்க, கீழேயே ஒரு பெட்ரூம் இருக்கான்னு கேட்டு எடுங்க. இங்க பழைய காட்டேஜ் மாடிப்படி ஏணி மாதிரி செங்குத்தா இருக்கும், போட்டோல தெரியாது. என் மாமியாரோட போனப்ப நாங்க கேக்காம புக் பண்ணி, பாத்ரூம் கீழ பெட்ரூம் மேலன்னு மாட்டிக்கிட்டு, பாவம் அவங்க மூணு ராத்திரி ஹால் சோபாவுலதான் படுத்தாங்க. அப்புறம் ஒன்னு, ஆகஸ்ட் கடைசி திங்கள் பேங்க் ஹாலிடே, அதை ஒட்டி வர்ற சனி ஞாயிறு கூட்டம் அதிகம், முடிஞ்சா அந்தத் திங்கள் சாயங்காலம் போய்ச் சேர்ற மாதிரி வெச்சுக்குங்க.

சாப்பாட்டுக்குக் கவலைப்படாதீங்க. பப்ல சைவம் ஒன்னு ரெண்டு ஐட்டம் இப்பல்லாம் கட்டாயம் இருக்கு, ஓவன்ல சுட்ட முழு உருளைக்கிழங்குல சீஸ் போட்டு, காய்கறி பை, சூப்பு, அந்த மாதிரி. ஆனா கிராமத்து பப்ல கிச்சன் மத்தியானம் ரெண்டு ரெண்டரைக்கு மூடினா சாயங்காலம் ஆறுக்குத்தான் திறக்கும், நம்ம ஆளுங்க மூணு மணிக்குப் போய் நின்னா கையை விரிச்சுடுவாங்க. குக்கர், அரிசி, பருப்புப்பொடி, ஊறுகாய் எடுத்துட்டுப் போங்க, காலையில புளிசாதமோ தயிர்சாதமோ கட்டிட்டா நாள் முழுக்க நிம்மதி. சாயங்காலம் டீக்கடையில கிரீம் டீ மட்டும் கட்டாயம் சாப்பிடுங்க, ஸ்கோன்னு ஒரு பன் மாதிரி, அதுல கெட்டியான கிளாட்டட் கிரீம், ஜாம். டெவன்காரங்க கிரீமை முதல்ல தடவி மேல ஜாம் வைப்பாங்க, பக்கத்து கார்ன்வால்ல ஜாம் முதல்ல. நம்ம ஊர்ப் பாலாடை சாப்பிட்டு வளந்தவங்களுக்கு அந்த கிரீம் ரொம்பப் பிடிக்கும், என் மாமியார் ரெண்டாவது தட்டு கேட்டாங்க.

முதல் முழு நாள் டங்கெரி பீக்கன். 519 மீட்டர், எக்ஸ்மூர்லயே உயரம், சாமர்செட்டுக்கும் அதுதான் உச்சி. போர்லாக்ல இருந்து ஏறுற ரோட்டுல டங்கெரி கேட்னு ஒரு இடத்துல காரை விட்டா உச்சி ஒரு மைல்தான், அகலமான கல்லுப் பாதை, பையனோட நீங்க ரெண்டு பேரும் அப்பாவும் போயிட்டு வரலாம். அம்மா ஏற வேணாம். அதுல அவங்களுக்கு ஒன்னும் நஷ்டமே இல்ல, ஏன்னா நீங்க போறது ஹெதர் பூக்குற நேரம். ரோட்டோரத்துலயே மடக்குச் சேரைப் போட்டு உக்காந்தா கண்ணுக்கு எட்டின வரைக்கும் ஊதாதான். குறிஞ்சி மாதிரி பன்னெண்டு வருஷம் காத்திருக்க வேணாம், வருஷா வருஷம் ஆகஸ்ட்ல வந்துடும். கிட்ட குனிஞ்சு பாத்தா ஒரே செடி இல்லைன்னு தெரியும். கொஞ்சம் பெரிய மணி மாதிரி அடர் ஊதாவா இருக்கிறது பெல் ஹெதர், அது முன்னாடியே பூத்துடும், அரிசிமணி சைஸ்ல வெளிர் ஊதாவா கொத்துக் கொத்தா இருக்கிறது லிங், அதுதான் மலையையே நிறம் மாத்துறது. நடுநடுல மஞ்சளா முள்ளுச் செடி, அது கார்ஸ். வெயில் அடிச்சா தேன் வாசனை வரும், கையை வெச்சு அசைச்சா மகரந்தம் புகை மாதிரி கிளம்பும். கீழ ஹெதருக்கு நடுவுல கருநீலமா சின்னப் பழம் இருந்தா அது வோர்ட்டில்பெரி, உள்ளூர்ல வோர்ட்ஸ்னு சொல்லுவாங்க, நம்ம களாக்காய் பறிக்கிற மாதிரி பறிச்சுச் சாப்பிடலாம், உங்க நேரத்துக்கு சீசன் முடியுற கட்டம், நாக்கு நீலமாயிடும்.

மேல ஏறினவங்களுக்கு நல்ல வெளிச்சமான நாள்ல வடக்கே கடலுக்கு அந்தாண்ட வேல்ஸ் மலைங்க தெரியும், தெற்கே டார்ட்மூர் தெரியும். மேகம் இறங்கிட்டா பத்தடி தெரியாது, அப்ப ஏறாதீங்க, நாளை மாத்திக்குங்க. கீழ கடற்கரையில டீஷர்ட்டோட நிக்கிற அதே நேரம் மேல காத்து எலும்புல இறங்கும், ஆகஸ்ட்னாலும் அம்மாவுக்கு ஸ்வெட்டர், தலைக்கு ஸ்கார்ஃப் காருக்குள்ளயே இருக்கட்டும்.

அங்க மேயுற குதிரைங்களைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும், எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். எக்ஸ்மூர் போனி, குட்டையா, பழுப்பு நிறமா இருக்கும், மூக்கைச் சுத்தியும் கண்ணைச் சுத்தியும் மாவு பூசின மாதிரி வெளுத்த வளையம். கண்ணு இமை கொஞ்சம் தடிச்சு இருக்கும், மழைத்தண்ணி கண்ணுக்குள்ள போகாம வழிஞ்சுடும். குளிர்காலத்துல ரெண்டு அடுக்கு ரோமம், உள்ள பஞ்சு மாதிரி, வெளிய எண்ணெய்ப்பசையா. ஒரு தடவை பனி விழுறப்ப பாத்தேன், முதுகு மேல பனி கட்டியா நிக்குது, உருகவே இல்ல, அப்படின்னா உடம்புச் சூடு வெளியவே வரலைன்னு அர்த்தம். இரண்டாம் உலகப்போர் சமயத்துல மூர்ல ராணுவம் பயிற்சி எடுத்துச்சு, சுட்டது போக இறைச்சிக்காகத் திருடினது போக அம்பது குதிரை கிட்டதான் மிஞ்சுச்சு, மேரி எதரிங்டன்னு ஒரு அம்மா உள்ளூர் விவசாயிங்களைச் சேத்துக்கிட்டுப் பாடுபட்டு இனத்தை மீட்டாங்க. இப்பவும் ஒவ்வொரு மந்தைக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கார், வருஷத்துக்கு ஒரு தடவை இலையுதிர் காலத்துல எல்லாத்தையும் ஓட்டிட்டு வந்து குட்டிங்களைக் கணக்கு எடுப்பாங்க. தயவுசெஞ்சு பையனை பிஸ்கட்டோ கேரட்டோ நீட்ட விடாதீங்க. மனுஷங்க கையில தின்னு பழகின குதிரை ரோட்டுக்கு வந்து கார் முன்னாடி நிக்கும், ராத்திரில அடிபட்டுச் சாகும்.

அன்னைக்கு மத்தியானம் செல்வொர்த்தி. அரைமணி நேரம் போதும், ஓலைக்கூரை வீடுங்க, எல்லாம் வெளிர் மஞ்சள் சுண்ணாம்பு அடிச்சு, 1828ல அந்த எஸ்டேட் முதலாளி ஆக்லண்ட் வேலை செஞ்சு ஓய்ஞ்ச முதியவங்களுக்காகக் கட்டினது. மேல வெள்ளைச் சுண்ணாம்பு அடிச்ச சர்ச் வாசல்ல நின்னா காலையில ஏறின டங்கெரி எதிர்க்க முழுசாத் தெரியும், அப்பாவுக்கு "அதோ அங்கதான் நின்னோம்"னு காட்டலாம்.

ரெண்டாம் நாள்தான் பெரிய நாள், லின்மவுத். போற வழியிலயே போர்லாக் ஹில், நாலு அடிக்கு ஒரு அடி ஏறுற ரோடு, அதுலயே ஹேர்பின் வளைவு. ஆட்டோமேட்டிக் காரா இருந்தாலும் மேனுவல் மோடுல முதல் கியர்ல வெச்சுக்குங்க. இறங்குறப்ப பிரேக்கையே மிதிச்சுட்டு வராதீங்க, நான் முதல் தடவை அப்படி வந்து கீழ வந்து சேர்றதுக்குள்ள டயர் பக்கம் தீஞ்ச வாசனை, வண்டியை அரைமணி நேரம் ஓரமா விட வேண்டியதாப் போச்சு. பயமா இருந்தா போர்லாக்ல இருந்து டோல் ரோடு ஒன்னு தனியாப் போகுது, கொஞ்சம் காசு கட்டணும், ஆனா காட்டுக்குள்ள மெதுவா வளைஞ்சு ஏறும், நடுநடுல மரத்துக்குக் கீழ கடல் தெரியும், அப்பா அம்மாவோட போறப்ப நான் அதுலதான் போவேன்.

மேல ஏறினதும் அந்த ரோட்டுல வண்டி ஓட்டிக்கிட்டே பையனுக்கு ஒரு கதை சொல்லுங்க. 1899 ஜனவரி 12, ராத்திரி, பேய்க்காத்து. ஃபாரஸ்ட் ஹால்னு ஒரு கப்பல் போர்லாக் பக்கம் கடல்ல தத்தளிக்குது. லின்மவுத்ல லூயிசான்னு ஒரு லைஃப்போட் இருக்கு, ஆனா அலையில அங்கிருந்து இறக்கவே முடியல. சரி, தரை வழியா இழுத்துட்டுப் போய் போர்லாக் வியர் துறைமுகத்துல இறக்குவோம்னு ஊரே கிளம்பிடுச்சு. 13 மைல். நூறு பேர் கிட்ட, குதிரைங்களைப் பூட்டி, அவ்வளவு பெரிய படகை கவுண்டிஸ்பரி மேட்டுல ஏத்தி, இருட்டுல மழையில மூர் மேல இழுத்து, இப்ப நீங்க ஏறின அதே போர்லாக் ஹில்ல பின்னாடி கயிறு பிடிச்சு இறக்குறாங்க. வழியில சந்து பத்தலைன்னு சுவத்தை இடிச்சாங்க. பத்து மணி நேரத்துக்கு மேல ஆச்சு, விடிகாலையில படகைக் கடல்ல இறக்கிக் கப்பல்ல இருந்த எல்லாரையும் காப்பாத்தினாங்க. அந்த ரோட்டுல காரே மூச்சு வாங்குறப்ப இந்தக் கதையைச் சொன்னா பையன் மறக்கவே மாட்டான்.

லின்மவுத் கீழ கடலோரம், லின்டன் மேல 150 மீட்டர் உயரத்துல. ரெண்டையும் சேக்குறது கிளிஃப் ரயில்வே, 1890ல திறந்தது, கரண்டு கிடையாது, டீசல் கிடையாது, வெறும் தண்ணி. அம்மாவுக்கு இதுதான் பயணத்துலயே பெருசா இருக்கும். எப்படின்னா, ரெண்டு பெட்டி, ஒரே கேபிளோட ரெண்டு முனையில, ஒன்னு மேல ஒன்னு கீழ. ஒவ்வொரு பெட்டிக்கு அடியிலயும் ஒரு டாங்க், 700 கேலன், நம்ம கணக்குல மூவாயிரம் லிட்டருக்கு மேல. மேல வெஸ்ட் லின் ஆத்துல இருந்து பைப்ல வர்ற தண்ணியால ரெண்டு டாங்கும் நிரம்பியிருக்கும், ரெண்டு டிரைவரும் தயார்னு சிக்னல் குடுத்துக்கிட்டதும் கீழ இருக்கிற பெட்டி தண்ணியைத் திறந்து விடும், அது எடை குறைஞ்சதும் மேல இருக்கிறது கனமாகி இறங்க ஆரம்பிக்கும், அது இறங்க இது ஏறும், நடுவுல ரெண்டும் ஒன்னை ஒன்னு உரசுற மாதிரி தாண்டும். கிணத்துல ரெண்டு வாளி போட்ட ராட்டினம் மாதிரிதான். கீழ் ஸ்டேஷன்ல ஏறி முன் வரிசையில நில்லுங்க, காலுக்கு அடியில தண்ணி கொட்டுற சத்தம் கேக்கும், அந்தச் சத்தம் கேட்டுக்கிட்டு இருக்கிறப்பவே வண்டி மெதுவா அசையும். டிரைவர் செய்யுறது பிரேக்கைப் பிடிக்கிறதும் விடுறதும்தான். நூறு வருஷத்துக்கு மேல ஆறு இழுக்குது, நாம உக்காந்து போறோம்.

அதே ஆறுதான் 1952 ஆகஸ்ட் 15 ராத்திரி ஊரை அழிச்சுது. ஏற்கனவே நனைஞ்சு ஊறிப்போயிருந்த மூர் மேல ஒரே நாள்ல 229 மில்லிமீட்டர் மழை, செயின்ஸ் மேட்டுல விழுந்தது எதையும் மண்ணு குடிக்கல, எல்லாம் ஈஸ்ட் லின், வெஸ்ட் லின்னு ரெண்டு ஆத்துலயும் சேந்து இறங்குச்சு. மேல மரங்க அடிச்சுட்டு வந்து பாலத்துல அடைச்சு, அணை மாதிரி நின்னு, அப்புறம் உடைஞ்சு மொத்தமா வந்துச்சு. இருட்டுல, பாறாங்கல்லு உருளுற சத்தத்தோட. 34 பேர் செத்துப் போனாங்க, 420 பேருக்கு வீடு இல்ல, 31 பாலத்துல 28 போச்சு. ஊருக்குள்ள ஆத்தைக் குறுக்கி, அது மேல கட்டடம் கட்டியிருந்தாங்க, ஆறு தன் பழைய பாதையைத் தேடிக்கிட்டு நடுத்தெருவுல வந்துச்சு. இப்ப நீங்க பாக்குற ஆறு அகலமா, ரெண்டு பக்கமும் சுவர் வெச்சு, அதுக்கான இடத்தைக் குடுத்துக் கட்டினது. துறைமுகம் பக்கத்துல நினைவு மண்டபம் ஒன்னு இருக்கு, வெள்ளத்துக்கு முன்னாடி ஊர் எப்படி இருந்துச்சுன்னு மாடல் வெச்சிருக்காங்க, பத்து நிமிஷம் உள்ள போயிட்டு வாங்க. சென்னை வெள்ளம் பாத்தவங்க யாரா இருந்தாலும் அந்த மாடல் முன்னாடி கொஞ்ச நேரம் நின்னுடுவாங்க.

மேல லின்டன்ல இறங்கினதும் நார்த் வாக்னு ஒரு பாதை, கடலை ஒட்டி மலை விளிம்புல, ஒரு மைல்ல வேலி ஆஃப் ராக்ஸ் போய்ச் சேரும். பாதை தார் போட்டு நல்லா இருக்கும், ஆனா குறுகல், ஒரு பக்கம் சரிவு நேரா கடலுக்கு, பையன் கையை விடாதீங்க. அம்மாவுக்கு அந்த நடை வேணாம், கார்லயே நேரா அந்தப் பள்ளத்தாக்குக்குப் போகலாம், பார்க்கிங் இருக்கு. மத்த பள்ளத்தாக்கெல்லாம் கடலைப் பாத்து ஓடும், இது மட்டும் கடலுக்குப் பக்கவாட்டுல, ஆறே இல்லாம வறண்டு கிடக்கும், மேல அடுக்கி வெச்ச மாதிரி பாறைங்க, அதுல காட்டாடுங்க நிக்கும். கொம்பு பின்னால வளைஞ்சு, நாம நிக்கக் கூட யோசிக்கிற இடத்துல படுத்து அசை போடும். அதுங்க மேல நடக்குறப்ப கல்லு உருளும், நேர் கீழ நின்னு போட்டோ எடுக்காதீங்க.

மூணாம் நாள் மழை வந்தாலும் வராட்டியும் டார் ஸ்டெப்ஸ். பார்ல் ஆத்து மேல பெரிய பெரிய பலகைக் கல்லை அடுக்கிப் போட்ட பாலம், 17 கண்ணு, சிமெண்டோ ஆணியோ எதுவும் இல்ல, கல்லு தன் கனத்துலயே நிக்குது, ஒவ்வொன்னும் ஒன்னு ரெண்டு டன் வரைக்கும். பெரு வெள்ளத்துல இதுங்களே அடிச்சுட்டுப் போயிருக்கு, அதனால ஒவ்வொரு கல்லுக்கும் நம்பர் போட்டு வெச்சிருக்காங்க, வெள்ளம் வடிஞ்சதும் தேடிக் கொண்டாந்து அதே இடத்துல வைப்பாங்க. பார்க்கிங்ல இருந்து கீழ இறங்க நானூறு மீட்டர், இறங்குறது சுலபம், அம்மாவுக்குத் திரும்பி ஏறுறதுதான் கஷ்டம். ஊனமுற்றோர் பேட்ஜ் வெச்சிருக்கிறவங்களுக்குக் கீழயே நிறுத்த இடம் உண்டு, இல்லாதவங்க மெதுவா நடுவுல நின்னு நின்னு ஏறணும். பையன் ஆத்துல கால் வெக்கலாம், கல்லு வழுக்கும், பழைய ஷூ போட்டு விடுங்க. ஆத்தோரமா ஒரு மைல் மேல போனா நடைபாலம், அதைத் தாண்டி மறு கரையில திரும்பி வரலாம், பாசி போர்த்தின ஓக் மரங்க, வெளிச்சமே பச்சையா இருக்கும்.

அன்னைக்கு மேகம் இல்லைன்னா ராத்திரி பத்தரைக்கு மேல எல்லாரையும் எழுப்பிக் கார்ல ஏத்துங்க. 2011ல ஐரோப்பாவுலயே முதல் இருண்ட வானக் காப்பகம்னு எக்ஸ்மூருக்குத்தான் பேர் குடுத்தாங்க. வெப்பர்ஸ் போஸ்ட் பார்க்கிங் போர்லாக்ல இருந்து கிட்டதான், ஹெட்லைட்டை அணைச்சு, போனை உள்ள வெச்சுட்டு, இருவது நிமிஷம் கண்ணு பழகட்டும். பால்வெளி ஒரு கரையில இருந்து மறு கரைக்கு. நிலா எப்பன்னு முன்னாடியே பாத்து வெச்சுக்குங்க, பௌர்ணமி கிட்ட வந்தா ஒன்னும் தெரியாது. உங்க அப்பா சின்ன வயசுல மொட்டைமாடியில படுத்துப் பாத்த வானம் இதுதான், அவர்தான் உங்களுக்குச் சொல்லித் தருவார்.

கடல்ல குளிக்கலாம்னு நினைச்சா இது அதுக்கான இடம் இல்ல. இங்க கடற்கரையெல்லாம் உருண்டைக் கல்லு, பிரிஸ்டல் கால்வாய்ல கடல் ஏறி இறங்குற உயரம் உலகத்துலயே ரொம்ப அதிகமான இடங்கள்ல ஒன்னு, தண்ணி நடந்து வர்ற மாதிரி இல்ல, ஓடி வர்ற மாதிரி வரும். பாறை ஓரமா ஒரு வளைவைத் தாண்டிப் போனீங்கன்னா திரும்பி வர வழி இருக்காது, பின்னால செங்குத்து மலை. ஓத நேரம் போட்ட அட்டவணையை முதல் நாளே பாத்து வெச்சுக்குங்க. மணல்தான் வேணும்னா மைன்ஹெட் பீச் போங்க. கல்லுக் கரையும் போதும்னா போர்லாக் வியர், சின்னத் துறைமுகம், சூரியன் சாயுறப்ப அம்மாவோட பெஞ்சுல உக்கார நல்ல இடம். அதுக்குப் பக்கத்துல ஒரு சதுப்பு நிலம், முன்னாடி விவசாய நிலமா இருந்துச்சு, 1996 புயல்ல கூழாங்கல்லு மேடு உடைஞ்சு கடல் உள்ள வந்துடுச்சு, திரும்ப அடைக்க வேணாம்னு விட்டுட்டாங்க. உப்புத்தண்ணியில பட்டுப்போன மரங்க இன்னும் வெள்ளையா நிக்குது, நடுவுல கொக்கு நிக்குது.

சில்லறை விஷயங்க. சிக்னல் பாதி இடத்துல கிடைக்காது, கூகுள் மேப்பை முன்னாடியே டவுன்லோடு பண்ணிக்குங்க, ஆர்டினன்ஸ் சர்வேன்னு இங்க அரசாங்க மேப் நிறுவனம், அவங்களோட ஓஎல்9 பேப்பர் மேப் ஒன்னு வாங்கிக் கார்ல போடுங்க. பார்க்கிங்குக்கு நாணயமா வெச்சுக்குங்க, ஒரு தடவை ஆப்ல கட்டலாம்னு நின்னு, ஆப் திறக்கவே இல்ல, காசும் இல்ல, காரை எடுத்துட்டுத் திரும்பி வந்தேன். உண்ணி ஜாக்கிரதை. ஹெதர்லயும் உயரமான புல்லுலயும் இருக்கும், கசகசா மாதிரி சின்னதா, லைம் நோய் பரப்பும். நடக்குறவங்க முழு பேண்டு, பேண்டை சாக்ஸுக்குள்ள விட்டு, ராத்திரி குளிக்கிறப்ப பையனுக்கு முட்டிக்குப் பின்னால, அக்குள், தலைமுடி ஓரம் எல்லாம் பாருங்க. ஒட்டியிருந்தா நசுக்காதீங்க, எண்ணெய் விடாதீங்க, மருந்துக்கடையில உண்ணி எடுக்கிற குட்டி கொக்கி விப்பாங்க, அதால எடுங்க. அப்புறம் சில வாரத்துல கடிச்ச இடத்துல வட்டமா சிவந்தா டாக்டர் கிட்ட போங்க, மூருக்குப் போனேன்னு சொல்லுங்க.

கார் இல்லாம போக நினைக்கிற வேற யாராவது இதைப் படிச்சா, முடியும், ஆனா மெதுவா. லண்டன் பேடிங்டன்ல இருந்து டாண்டன் வரைக்கும் ரெண்டு மணி நேர ரயில், அங்கிருந்து மைன்ஹெட்டுக்கு பஸ். லின்டன் போறவங்க எக்ஸெட்டர்ல மாறி பார்ன்ஸ்டபிள் வரைக்கும் ரயில், அப்புறம் பஸ். மூருக்கு மேல பஸ் ரொம்பக் குறைச்சல்.

திரும்பி வர்ற நாள் காலையில வழியிலயே டன்ஸ்டர். கோட்டை ஏற அம்மாவால முடியலைன்னா விட்டுடுங்க, தெருவே போதும், நடுவுல எட்டுப் பக்கமா மரக்கூரை போட்ட நூல் சந்தை, 1609ல கட்டினது, இந்தப் பக்கத்து ஆட்டு ரோமத்துல நெய்ஞ்ச துணி வித்த இடம். கூரை உத்திரத்துல ஒரு ஓட்டை இருக்கும், இங்கிலாந்து உள்நாட்டுப் போர்ல பீரங்கிக்குண்டு துளைச்சது. பையனை அதைக் கண்டுபிடிக்கச் சொல்லிட்டு நீங்க எல்லாரும் அந்தத் திண்ணையில உக்காந்து ஃபிளாஸ்க்ல மிச்சம் இருக்கிற காபியைக் குடிங்க.